ராயகிரியிலிருந்து கடலுக்கு: எந்த ஊரில் தங்குவது?

ராயகிரியில் நின்றால் மேற்கே மலை தெரியும். கடல் தெரியாது. கடலைப் பார்க்கவேண்டும் என்றால் எந்தத் திசையில் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். அதனால்தான் இந்த மலையடிவாரத்து ஊர்களில் குற்றாலம் என்பது 'போயிட்டு வாறது', கடல் என்பது 'டூர்'. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் என்று இந்த வட்டாரம் முழுக்க இதே கதைதான்.

அந்த டூர் எப்படி நடக்கிறது? நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பார்கள். நள்ளிரவில் கிளம்பி விடியும்போது திருச்செந்தூர். கடலில் ஒரு குளியல், சாமி தரிசனம். அப்புறம் மணப்பாடு, உவரி. மதியத்துக்கு மேல் கன்னியாகுமரி. படகுக்கு வரிசை. சூரியன் மறைந்ததும் சுசீந்திரம், திரும்பவும் வேன், மறுநாள் அதிகாலையில் வீடு. ஒரே நாளில் அஞ்சு ஊர்! சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த ஒரு நாளை யார் யார் எப்படிக் கழித்தார்கள் என்று கேட்டால் கதை மாறும். பிள்ளைகள் பாதி வழி தூக்கம், மீதி வழி வாந்தி. ஆச்சிக்குக் கால் வீக்கம். டிரைவருக்கு இரண்டு ராத்திரி தூக்கமில்லை (அவரை நம்பித்தான் இருபது உயிர் வேனில் இருக்கிறது). எல்லோரையும்விட அம்மா. முந்தின நாள் சாயங்காலமே புளி கரைத்து, சோறு வடித்து, புளியோதரையும் எலுமிச்சம்பழச் சோறும் கிளறி, அடுக்குச் சட்டியில் கட்டி, வேனில் ஏறி, போன இடத்திலெல்லாம் எல்லோருக்கும் பரிமாறி, திரும்பி வந்து அத்தனை பாத்திரத்தையும் கழுவுவது அவர்தான். வீட்டின் அடுப்படியே வேனில் ஏறிக் கன்னியாகுமரி போய் வந்ததுபோல! இதற்கு விடுமுறை என்று பெயர்.

மாற்று வழி ஒன்றும் புதியது அல்ல. ஏதாவது ஒரு ஊரில் இரண்டு இரவு தங்குவது. அங்கிருந்து காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம் என்று போய்த் திரும்புவது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: எந்த ஊர்?

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கன்னியாகுமரி பார்க்கப் போகிறோம், எனவே கன்னியாகுமரியில் ரூம். திருச்செந்தூர் போகிறோம், எனவே திருச்செந்தூரில் ரூம். பார்க்கிற ஊர் வேறு, தங்குகிற ஊர் வேறு என்ற எண்ணமே வருவதில்லை.

தங்குகிற ஊருக்கு என்னென்ன வேண்டும்? நாலே நாலு விஷயம்தான்.

1. எல்லாத் திசைக்கும் அடிக்கடி பஸ் இருக்கவேண்டும்.

2. சுற்றுலாப் பயணியை நம்பி இல்லாமல், தன்போக்கில் வாழ்கிற ஊராக இருக்கவேண்டும். அங்கேதான் உள்ளூர்க்காரர் சாப்பிடும் விலையில் சாப்பாடு கிடைக்கும்.

3. ராத்திரி ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கவேண்டும்.

4. இன்றைக்குத் தவறியதை நாளைக்குப் பார்க்க வழி இருக்கவேண்டும்.

நாலாவதுதான் முக்கியம். மலையும் கோவிலும் போன இடத்தில் அப்படியே இருக்கும். கடல் அப்படி இல்லை. கன்னியாகுமரியில் காற்று அடித்தாலோ கடல் உள்வாங்கினாலோ படகை நிறுத்திவிடுவார்கள். மேகம் வந்தால் சூரிய உதயம் கிடையாது. சூரியன் கடலுக்குள் மறைவது எல்லா மாதங்களிலும் ஒரே இடத்திலிருந்து தெரியாது. ஒரு நாள் டூர்க்காரர்களுக்கு இதெல்லாம் ஏமாற்றம். வீட்டுக்கு வந்து "விவேகானந்தர் பாறையை தூரத்துல இருந்து பாத்தோம்" என்று சொல்லவேண்டியதுதான். இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு, "சரி, நாளைக்குப் பாத்துக்கிடலாம்." அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திருச்செந்தூர். நேர்த்திக்கடன் உள்ளவர்களுக்கு இதைத் தவிர வேறு ஊரைச் சொல்லவே கூடாது. முருகனுக்கு முடி இறக்கப் போகிறவர்கள் வேறு ஊரில் தங்கி என்ன செய்வது? திருநெல்வேலியிலிருந்து பாசஞ்சர் ரயிலும் உண்டு. காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம், உடன்குடி, மணப்பாடு எல்லாம் பக்கம். மணப்பாட்டு மணல்மேட்டுக் கோவிலும், பதினாறாம் நூற்றாண்டில் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகையும் பார்க்கவேண்டியவை. ஆனால் திருச்செந்தூர் கோவிலின் கடிகாரப்படி நடக்கிற ஊர். கந்தசஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசம், ஆவணி, மாசித் திருவிழாக்கள் என்று வந்துவிட்டால் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சாதாரண விடுமுறை நாளிலும் பாதி நாள் தரிசன வரிசையில் போய்விடும். பக்திக்குச் சரி, விடுமுறைக்குக் கொஞ்சம் இடிக்கும்.

தூத்துக்குடி. சாப்பாட்டுக்கு இதை மிஞ்ச ஆள் இல்லை. பரோட்டாவும் மக்ரூனும் யாருக்குத்தான் பிடிக்காது! பனிமய மாதா கோவில் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. ஆனால் அது துறைமுக ஊர். கடற்கரையில் துறைமுகமும் ஆலைகளும் உப்பளங்களும் பிடித்த இடம் போக, பிள்ளைகள் ஓடியாட நீண்ட மணல்வெளி குறைவு. ஒரு நாளுக்கு நல்ல ஊர்.

கொல்லம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ராயகிரிக்காரர்களுக்குக் கடல் என்றால் கிழக்கும் தெற்கும்தான் ஞாபகம் வரும். மலைக்கு அந்தப் பக்கமும் கடல் இருக்கிறதே! தென்காசி, செங்கோட்டை வழியாகப் போனால் அரபிக்கடல். 1904-இல் ஓடத் தொடங்கிய செங்கோட்டை - கொல்லம் ரயில் பாதை அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் மூடப்பட்டு, 2018-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. குகைகளும் பதிமூன்று கண் பாலமும் கொண்ட அந்தப் பயணமே ஒரு டூர்தான். கொல்லத்தில் தங்கி வர்க்கலை போய்வரலாம். ஆனால் ஜூன், ஜூலையில் கேரளக் கடற்கரையில் மழையும் அலையும் அதிகம். இரண்டாவது டூருக்கு வைத்துக்கொள்ளலாம்.

கன்னியாகுமரி. பெயரே போதும், விளம்பரம் தேவையில்லை. 1970-இல் திறந்த விவேகானந்தர் நினைவு மண்டபம், 2000 ஜனவரி 1-இல் திறந்த 133 அடி திருவள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் 30-இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் தங்குவதற்கு? கரையெல்லாம் பாறை. பிள்ளைகளைத் தண்ணீரில் விட முடியாது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், தையில் பொங்கல் கூட்டம், மே மாதம் பள்ளி விடுமுறைக் கூட்டம். கூட்டத்துக்கு ஏற்றபடி ரூம் வாடகை ஏறும். ஊரின் பெரும்பகுதி வந்து போகிறவர்களை நம்பியே இருப்பதால், ஒரு காபிக்குக்கூட வந்து போகிறவர் விலைதான்.

கடைசியாக நாகர்கோவில். டூர் என்றதும் யாரும் நாகர்கோவில் பெயரைச் சொல்லமாட்டார்கள். ஏனென்றால் ஊருக்குள் கடல் இல்லை. ஆனால் ராயகிரிக் குடும்பம் தங்கவேண்டிய ஊர் அதுதான்.

காரணம் எளிது. கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர். போகிற வழியிலேயே சுசீந்திரம். சங்குத்துறை, சொத்தவிளை கடற்கரைகள் அதைவிடப் பக்கம். முட்டம் கலங்கரை விளக்கமும் பத்மநாபபுரம் அரண்மனையும் கிட்டத்தட்ட அதே தூரத்துக்குள். (அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஒரு நாள் டூர் திங்கட்கிழமையில் விழுந்தால் வாசலைப் பார்த்துத் திரும்பவேண்டியதுதான்!) வடசேரி பஸ் ஸ்டாண்டும் அண்ணா பஸ் ஸ்டாண்டும் காலை முதல் இரவு வரை ஓய்வதில்லை. 2021 மே மாதம் வந்த திட்டத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேன் வாடகையைப் பங்கு போடுகிற குடும்பத்தில் ஆச்சி, அம்மா, அக்கா, தங்கை நாலு பேர் இருந்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நகரப் பேருந்து போகிற இடம் வரைக்கும் அவர்கள் செலவு பூஜ்யம்.

நாகர்கோவில் தனக்காக வாழ்கிற ஊர். கல்லூரி, கோர்ட்டு, மார்க்கெட் என்று அதன் போக்கில் ஓடுகிறது. ஹோட்டலில் உள்ளூர்க்காரர்தான் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பார். தேங்காய் அரைத்த மீன் குழம்பும், நேந்திரங்காய் சிப்ஸும், மட்டிப் பழமும் அங்கே தினசரிச் சாப்பாட்டுச் சமாச்சாரம். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ராயகிரியிலிருந்து போவதும் பெரிய சிரமம் இல்லை. சங்கரன்கோவில் வந்து, திருநெல்வேலிக்கு ஒரு பஸ், அங்கிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு பஸ். முப்பந்தல் காற்றாலைகளைப் பிள்ளைகள் எண்ணி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

இதை மறுக்கிறவர்கள் சொல்வது இரண்டு.

முதலாவது, "ஜன்னலைத் திறந்தா கடல் தெரியணும், அதுதான டூர்!" நியாயமான ஆசைதான். சூரிய உதயத்துக்காக விடியுமுன் எழுந்து பஸ் ஏறுவது வயசானவர்களுக்குக் கஷ்டம். அப்படிப்பட்டவர்கள் இரண்டாவது இரவை மட்டும் கன்னியாகுமரியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரூமில் இருக்கப்போகிற நேரத்தில் பெரும்பகுதி தூக்கம். தூங்குகிறவருக்கு எந்த ஜன்னலில் என்ன தெரிந்தால் என்ன?

இரண்டாவது, "ரெண்டு நாள் ரூம் வாடகைக்கு எங்க போறது?" இது உண்மையான கேள்வி. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் இரண்டு நாள் தங்கல் என்றால் மூன்று நாள் கூலி போகும். வேனில் ஒரே நாளில் முடித்தால் ஒரு நாள் கூலிதான் நட்டம். இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஆனால் அதற்குத் தீர்வு ஒரே நாளில் அஞ்சு ஊர் அல்ல. ஒரே நாளில் ஒரே ஊர். பகலில் கிளம்பி, ஒரு கடற்கரையில் மாலை வரை உட்கார்ந்து, ஹோட்டலில் சாப்பிட்டு, திரும்புவது. அஞ்சு ஊரைத் தொட்டு வருவதைவிட ஒரு ஊரைப் பார்த்து வருவது மேல்.

இதில் செலவைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குக் கிணறு தெரியும், கண்மாய் தெரியும், அருவி தெரியும். கடல் தெரியாது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அந்த நாட்களில் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தது. எங்கோ தெற்கே, பெருங்கடலில் அடித்த காற்றால் எழும் அலை, பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். கரையில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் வெளுத்துக் கிடக்கும். திருடன்போல் சொல்லாமல் வருவதால்தான் அந்தப் பெயர். படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் அதற்குக் கிடையாது.

அப்படிப்பட்ட கடலின் முன்னால் "இன்னும் அரை மணி நேரந்தான், சீக்கிரம் குளிச்சிட்டு வாங்க, வேன் கிளம்பப் போவுது" என்று பிள்ளைகளை அவசரப்படுத்துவது எவ்வளவு ஆபத்து! நேரம் இல்லாதவர்கள் யாரிடமும் விசாரிக்கமாட்டார்கள். இரண்டு நாள் தங்குகிறவர்கள் லாட்ஜ்காரரிடம் கேட்கலாம், டீக்கடையில் கேட்கலாம், வலை உலர்த்துகிற மீனவரிடம் கேட்கலாம். "இன்னைக்கு இறங்காதீங்க" என்று அவர் சொன்னால் இறங்காமல் மணலில் உட்கார்ந்திருக்கலாம். நாளை என்று ஒன்று கையில் இருக்கிறது அல்லவா?

எனவே அடுத்த முறை ராயகிரியில் நாலு குடும்பம் கூடி டூர் பேசும்போது, எத்தனை ஊர் என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த ஊரில் தங்குவது என்று முதலில் பேசட்டும். அந்தப் பேச்சில் அம்மாவையும் ஆச்சியையும் சேர்த்துக்கொள்ளட்டும். அவர்களும் ஒரு நாள் காலையில் அடுப்பு மூட்டாமல் எழுந்து, யாரோ ஊற்றித் தந்த காபியைக் குடித்துவிட்டு, அவசரமில்லாமல் கடல் பக்கம் நடக்கட்டும்.