தாத்தாவுக்கு இல்லாத மரியாதை

சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து பெயர் எடுத்த காஸ்ட்லெஸ் கலெக்டிவ், 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது. கானாவும் ராப்பும் சேர்ந்த அந்தக் குழு மாட்டுக்கறியைப் பாடியது, இடஒதுக்கீட்டைப் பாடியது. மொழிக்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இப்போது அனுமதியைச் சாட்பாட் தருகிறது. தவளக்குப்பத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவனின் ராப்பை 'நாகரிகமாக' மாற்றினால்தான் கல்லூரி விழாவில் மேடையாம். சாட்பாட்டிடம் கொடுத்தான். 'எங்க தாத்தாவ வாடான்னு கூப்ட்டியே' என்ற வரி, 'முதியோர் உரிய மரியாதையின்றி நடத்தப்பட்டனர்' என்று வந்தது. கூப்பிட்டவன் எங்கே? செயப்பாட்டுவினைக்குள் பத்திரமாக ஒளிந்துகொண்டான். (நம் ஆய்வேடுகளிலும் அவன் அங்கேதான் இருக்கிறான்.)

எந்திரம் கேட்டதைத்தான் கொடுத்தது. விழாக் குழுவிடம்தான் கேட்கிறேன்: தாத்தாவை 'வாடா' என்றவர்களிடம் மொழியை மாற்றச் சொல்லி என்றைக்காவது கேட்டீர்களா?