நகல் எடுத்தோம் என்ற நம்பிக்கை

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தின் அருகே திருநாதர்குன்று இருக்கிறது. இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்ட அக்குன்றில், 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் கல்வெட்டும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்த எழுத்துகள் படியெடுக்கப்படாமலே நிலைத்தன. ஓலைச்சுவடிக்கு அந்தப் பேறு இல்லை. செல்லரிப்பதற்கு முன் புதிய ஏட்டில் எழுதியாக வேண்டும். இன்று நாம் எழுதுவதெல்லாம் தங்கியிருக்கும் கணினி வழங்கிகளோ ஓலையைவிடவும் நிலையற்றவை. ஆகவேதான் நள்ளிரவில் தானாக இயங்கும் காப்புநகல் ஏற்பாட்டைச் செய்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம். அந்த நிம்மதியைத்தான் இங்கே கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறோம்.

படியெடுப்பது மட்டும் காப்பு ஆகிவிடாது. உ.வே.சாமிநாதையர் 1904-இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது, கிடைத்த சுவடிகளில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. இன்றளவும் நம்மிடம் இருப்பவை எட்டுப் பத்துகளே. குறையுள்ள ஏட்டை எத்தனை முறை படியெடுத்தாலும் குறைதான் பெருகும்.

கணினி உலகிலும் இதற்கொரு சான்று உண்டு. நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று பொறியாளர் ஒருவர், வேறொரு வழங்கியில் இருப்பதாக எண்ணி, முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட்டில் மிஞ்சியது 4.5 மட்டுமே. காப்புநகலைத் தேடினால், அது இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. எனவே அந்தப் பணி நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரிய சான்றொப்பம் இல்லாமையால் ஏற்கப்படாமல் போயின. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுக்கப்பட்ட ஒரு படியே அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் உலகுக்கு விளக்கியது அந்நிறுவனத்தின் பெருமை.

காப்புநகல் ஓடாதபோது நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும் என்பது எங்கள் துணிபு. முதலாவது, பணி தொடங்கியதா? லினக்ஸ் வழங்கிகளில் பணிகளை நேரத்துக்கு எழுப்பும் கிரான், அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் தவறியதைப் பிறகு ஈடுசெய்யாது. அதற்கு அனாகிரான் வேண்டும். இரண்டாவது, தொடங்கியது முடிந்ததா? நாம் தட்டச்சு செய்யும்போது ஓடுகிற கட்டளை, கிரானில் ஓடாமல் போகலாம். கருவிகள் இருக்குமிடம் அதற்கு முழுமையாகத் தெரியாது, முழுப்பாதையை எழுதித்தர வேண்டும். கோப்பின் பெயரில் தேதி சேர்க்க இடும் விழுக்காட்டுக் குறியையும், முன்னே பின்சாய்வுக்கோடு இல்லையெனில், அது வரியின் முடிவாகக் கொண்டுவிடும். வட்டு நிறைந்திருப்பதும் கடவுச்சொல் மாறியிருப்பதும் வழக்கமான பிற காரணங்கள். மூன்றாவது, கோப்பு உண்டா, அதன் அளவு நேற்றைய அளவை ஒட்டியிருக்கிறதா? நான்காவது, அதை வேறொரு கணினியில் விரித்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கிறதா?

முதல் மூன்றையும் பலர் கேட்கிறார்கள்; நான்காவதை நாசம் நேர்ந்தபின்தான் கேட்கிறார்கள். தோல்வி வந்தால் மடல் வரும் என்று காத்திருப்பதும் போதாது. மடல் வராமைக்கு, எல்லாம் நலம் என்பது மட்டுமன்று, மடல் அனுப்பும் வழியே அடைபட்டுவிட்டது என்பதும் பொருளாகலாம். வெற்றியை நாள்தோறும் அறிவிக்கச் செய்து, அது வராத நாளில் ஐயுறுவதே முறை.

2020 டிசம்பர் 15 அன்று யாகூ குழுமங்கள் மூடப்பட்டன. தமிழர்கள் ஆண்டுக்கணக்கில் இலக்கியம் பேசிய களங்கள் அவற்றுள் இருந்தன. தனியே படி வைத்திருந்தவர்களிடம் மட்டுமே அந்த உரையாடல்கள் எஞ்சியுள்ளன. இணைய இதழோ மின்னூலகமோ நடத்தும் நண்பர்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றுதான்: மாதத்தில் ஒருநாளைக் குறித்து, நகலிலிருந்து ஒரு கட்டுரையையாவது மீட்டெடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் பாருங்கள்.