தீர்வை ரசீது

எங்கள் ஊர் வீட்டில் ஒரு தகரப் பெட்டி. தாத்தா காலத்துத் தீர்வை ரசீதுகள் அதில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. நடுவில் இரண்டு வருஷத்து ரசீதுகளைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் எங்களுக்கு ஒரு கேடும் வரவில்லை. நிலமும் எங்களுடையது, ஊரும் எங்களுடையது.

பூட்டானில் அப்படி இல்லை. 1988 கணக்கெடுப்பின்போது, தெற்கு மாவட்டங்களில் வாழ்ந்த நேபாளி பேசும் லோத்சாம்பா மக்களிடம் 1958ஆம் ஆண்டின் தீர்வை ரசீதைக் கேட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய காகிதம். அதற்கு முந்தைய வருஷத்து ரசீதைக் காட்டியும் பயனில்லாமல் போனதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். காட்டைத் திருத்தி நெல்லும் ஆரஞ்சும் ஏலக்காயும் விளைவித்த குடும்பங்கள் சட்டவிரோதக் குடியேறிகள் ஆயின. பள்ளியில் நேபாளி மொழிப் பாடம் நின்றது, இன்ன உடைதான் உடுத்த வேண்டும் என்று கட்டளை வந்தது. 1990இல் தெருவில் இறங்கிக் கேட்டவர்கள் மீது ராணுவம் பாய்ந்தது.

வெளியேறியவர்களில் பலரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 'விருப்பப்பட்டுப் போகிறேன்' என்பது அதன் சாரம். கையெழுத்துப் போடும்போது கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள் என்று முதியவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். இந்த விவகாரத்தில் எனக்கு மறக்க முடியாதது அந்தச் சிரிப்புதான். பின்னால் நடந்த ராஜதந்திரம் முழுவதும் அந்தப் படிவத்தின் மேல்தான் கட்டப்பட்டது.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், இந்தியா வழியாக லாரிகளில் வந்து, கிழக்கு நேபாளத்தின் ஜாபா, மொரங் மாவட்டங்களில் ஏழு முகாம்களில் மூங்கில் குடிசைகளுக்குள் அடைந்தார்கள். பூட்டான் மக்கள்தொகையில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

1993இல் நேபாளமும் பூட்டானும் பேச உட்கார்ந்தன. பத்து வருஷத்தில் பதினைந்து சுற்று. அகதிகளுக்கு அந்த மேஜையில் நாற்காலி கிடையாது. திரும்பிப் போவது எப்படி என்பதைவிட, இவர்களை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதிலேயே காலம் கழிந்தது. கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர், விரும்பிப் போனவர், பூட்டானியர் அல்லாதவர், குற்றம் செய்தவர் என்று நான்கு வகை. குதுனாபாரி என்ற ஒரே முகாமில் வாழ்ந்த சுமார் 12,000 பேரை விசாரித்து 2003இல் முடிவு வந்தது. கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர். விரும்பிப் போனவர்கள் எழுபது சதவீதம். அந்த எழுபது சதவீதத்தினரும் குடியுரிமைக்குப் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டுமாம். அந்த டிசம்பரில் நிபந்தனைகளை விளக்க வந்த பூட்டான் அதிகாரிகள் மீது முகாமில் கல் விழுந்தது. கல்லெறிந்தது தவறுதான். ஆனால் அதையே காரணமாக்கி பூட்டான் பேச்சைக் கைவிட்டது. முகாம்களில் கிடந்த ஒரு லட்சம் பேரின் கதை அப்படியே நின்றுபோனது.

இதில் நம் நாட்டின் பங்கை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லை இல்லை. இடையில் கிடப்பது இந்திய மண். அகதிகள் வந்தபோது வழிவிட்ட இந்தியா, அவர்கள் திரும்பி நடக்க முயன்றபோது மேச்சி ஆற்றுப் பாலத்தில் மறித்தது. 2007 மே மாதம் அங்கே துப்பாக்கிச் சூடும் உயிர்ப்பலியும் நடந்தன. பூட்டான் தலைநகர் திம்பு காது கொடுத்தாக வேண்டிய ஒரே குரல் தில்லியினுடையது. 'அது இரு நாடுகளுக்கு இடையிலான விஷயம்' என்று தில்லி ஒதுங்கிக்கொண்டது.

பிறகுதான் மூன்றாம் நாட்டுக் குடியேற்றம் வந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட எட்டு நாடுகள் 2007இலிருந்து ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேரை ஏற்றன, பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. இதைக் குறைத்துப் பேச மாட்டேன். மூங்கில் குடிசையில் பிறந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். உலகமே மெச்சிய நிரந்தரத் தீர்வு அது. ஆனால் விரட்டிய நாட்டை அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

2025 மார்ச்சில் அமெரிக்கா அங்கே குடியேறியவர்களில் சிலரை நாடு கடத்தியது. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர்கள் பலர். தண்டனையை அனுபவித்து முடித்தவர்களும் உண்டு. பாரோ விமான நிலையத்தில் இறங்கியவர்களை பூட்டான் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளவில்லை. இந்திய எல்லைக்குக் கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து நேபாளத்துக்குள் வந்த நால்வரைப் போலீஸ் பிடித்தது. நேபாள உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு அவர்கள் போய்ச் சேர்ந்த இடம், ஜாபாவிலுள்ள பழைய பெல்டாங்கி முகாம்.

பெல்டாங்கியில் இன்னும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு வரமாட்டேன், என் ஊருக்குத்தான் போவேன் என்று நின்றுவிட்ட முதியவர்களும் அவர்களில் உண்டு. யாராவது போய்க் கேட்டால், பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய குடியுரிமை அட்டையையும் தீர்வை ரசீதையும் எடுத்துக் காட்டுகிறார்கள்.