உயரத்தைவிடக் கயிறு முக்கியம்

பத்துமலை என்றாலே நமக்கு முருகன் கோயில்தான் நினைவுக்கு வரும். அதே சுண்ணாம்புக் குன்றின் வேறு பக்கங்களில் டாமாய், ஞாமுக் போன்ற பாறையேற்றச் சுவர்களும் உண்டு. பிள்ளையை முதன்முறை அழைத்துச் செல்லும் பெற்றோர், “எவ்வளவு உயரம்?” என்றே கேட்கிறோம். “கயிறு எங்கே கட்டியிருக்கிறது?” என்று கேட்பதே முக்கியம்.

சுவரின் உச்சியில் பதித்த வளையங்கள் வழியாக வந்து, கீழே நிற்பவரின் பிடியில் கயிறு தளராமல் இருந்தால், கை நழுவினாலும் பிள்ளை சற்றே இறங்கித் தொங்கும். கயிறு நீண்டு கொடுப்பதால் அதிர்ச்சியும் குறையும். கயிறின்றி ஏறும் மூன்று மீட்டர் பாறையே அதைவிட ஆபத்து.

சிறுவர்களுக்கு இடுப்பு ஒடுக்கம், தலை கனம். தலைகீழாகப் புரளாதிருக்கத் தோளையும் சேர்த்துப் பிணைக்கும் பட்டை வேண்டும். கல் உதிரலாம் என்பதால் கீழே நிற்பவருக்கும் தலைக்கவசம் அவசியம்.

இவற்றை விளக்கத் தயங்கும் பயிற்றுநரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.