வழங்கியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் காவலரைத் தேர்ந்தெடுப்போம்



கடந்த சில வாரங்களாக எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒரு வழக்காடல் நடந்து வருகிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. எங்கள் கணினிக்கூடத்தில் உள்ள பெரும்பாலான கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி இல்லாதவை. ஆகவே கூடத்தைப் புதுப்பிக்கப் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்வந்துள்ளன. கணினிகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. அவற்றையெல்லாம் ஒன்றிணைக்கும் வழங்கியில் எந்த வலையமைப்பு இயங்குதளத்தை நிறுவுவது என்பதில்தான் சிக்கல்.

ஒரு தரப்பு விண்டோஸ் சர்வர் என்கிறது. மறு தரப்பு லினக்ஸ் என்கிறது. முதல் தரப்புக்கு எங்கள் முன்னாள் மாணவரான ஒரு வணிகர் துணை நிற்கிறார். மறு தரப்புக்குக் கணினித் துறையில் பணியாற்றும் ஒரு பெற்றோர் துணை நிற்கிறார். இருவருமே பள்ளியின்மீது உண்மையான அன்பு கொண்டவர்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆயினும் இருவருமே முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பதே என் எண்ணம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில், இப்படியொரு தனி இயங்குதளம் பள்ளிக்கு எதற்கு என்று ஐயுறுவோருக்கு ஒரு விளக்கம். 2006இல் எங்கள் கூடத்தில் 20 கணினிகள் இருந்தன. விண்டோஸ் எக்ஸ்பி கொண்ட ஒரு சாதாரணக் கணினியில் பயிற்சிக் கோப்புகளை வைத்து மற்றவற்றோடு பகிர்ந்தோம். பத்து மாணவர்கள் கோப்பைத் திறப்பார்கள். பதினோராவது மாணவருக்குக் கதவு அடைபட்டுவிடும். கம்பியை மாற்றினோம், இணைப்புப் பெட்டியை மாற்றினோம், பயனில்லை. பழுது எதிலும் இல்லை. எக்ஸ்பி புரொபஷனல் ஒரே நேரத்தில் 10 இணைப்புகளுக்குமேல் ஏற்காதவாறு அமைக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த விண்டோஸ் 7 முதல் அந்த வரம்பு 20 ஆனது. ஒரு வகுப்பில் 25 மாணவர்கள் இருந்தால் அதுவும் போதாது. பலர் ஒரே நேரத்தில் நுழைவதற்கும், யார் எதைத் திறக்கலாம் என்று வரையறுப்பதற்கும், ஒரே இடத்திலிருந்து எல்லாக் கணினிகளையும் ஆள்வதற்கும் உருவாக்கப்பட்டதே வலையமைப்பு இயங்குதளம்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில், 2000ஆம் ஆண்டளவில், அங்கிருந்த கணினிக்கூடம் நாவெல் நெட்வேரில் இயங்கியது. 1980களின் பிற்பாதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அலுவலக வலையமைப்புகளில் அதுவே கோலோச்சியது. அதை விட்டு வேறொன்றை நினைத்துப் பார்க்கவும் இயலாது என்றே எங்கள் விரிவுரையாளர் கூறுவார். 2003இல் வெளிவந்த 6.5ஆம் பதிப்போடு நெட்வேரின் வரலாறு முடிந்தது. 2011இல் நாவெல் நிறுவனமே இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. எதற்காக இதைச் சொல்கிறேன்? பெயரும் புகழும் ஒரு மென்பொருளை நிலைக்க வைப்பதில்லை. 'எல்லாரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்' என்பது இன்றைய நிலவரமே தவிர, நாளைக்கான உறுதிமொழி அன்று.

இனி எங்கள் பள்ளியின் கதைக்கு வருகிறேன். சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

2013இல் எங்கள் பள்ளிக்கு வந்த இளம் ஆசிரியர் ஒருவர், ஒதுக்கி வைத்திருந்த ஒரு கணினியில் உபுண்டு 12.04 பதிப்பை நிறுவி, அதன்மேல் சாம்பா மென்பொருளை அமைத்து, அருமையான வழங்கியொன்றை உருவாக்கித் தந்தார். ஒரு காசு செலவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். நாள்தோறும் இரவில் தானாகவே காப்புப்படி எடுத்துக்கொள்ளும். அவ்வழங்கியில் நாங்கள் சேர்த்து வைத்தவற்றுள் விலைமதிப்பற்றது ஒன்று உண்டு. ஆறாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் பாட்டன் பாட்டிகளைச் சந்தித்து, தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள். பால்மரம் சீவிய கதை, பிரட்டுக்களத்துக் கதை, பழைய லயத்து வீடுகளின் கதை எல்லாம் அவற்றில் இருந்தன.

2015ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வாசிரியர் ஜொகூருக்கு மாற்றலாகிச் சென்றார். வழங்கி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஒன்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2017 ஆகஸ்டில் ஒருநாள் வன்தட்டு பழுதாகி நின்றது. 'காப்புப்படி இருக்கிறதே' என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, காப்புப்படி வட்டு நிறைந்துபோய் ஓராண்டுக்கும் மேலாக எதுவும் பதிவாகவில்லை. வட்டு நிறைந்துவிட்டது என்று அவ்வழங்கி நாள் தவறாமல் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் அம்மடல்கள் மாற்றலாகிச் சென்ற ஆசிரியரின் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. அம்முகவரியை அவர் கைவிட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

இறுதி ஓராண்டுப் பதிவுகள் அனைத்தும் போயின. மாணவர்கள் கேள்விகளை மீண்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் பதில் சொன்னவர்களுள் இருவர் அதற்குள் காலமாகிவிட்டிருந்தனர். அவர்களுள் ஒருவரின் பேத்தி, 'டீச்சர், தாத்தா பேசியது இருக்கா?' என்று என்னிடம் வந்து கேட்டாள். நான் என்ன பதில் சொல்வது?

பழி அவ்வாசிரியருடையது அன்று. அவர் தம் கடமைக்கு மேலாகவே செய்தார். பழி லினக்சுடையதும் அன்று. அது கடைசிவரை எச்சரித்தது. அவர் சென்றபின் அவ்விடத்தில் யார் நிற்பது என்று கேட்காத எங்கள் எல்லாருடையதும்தான். அவர் நிறுவிய 12.04 பதிப்புக்கான ஐந்தாண்டு ஆதரவு அதே 2017 ஏப்ரலில் முடிந்திருந்தது என்பதையும் பிறகுதான் அறிந்தோம்.

'அப்படியானால் பணம் கொடுத்து விண்டோஸ் வாங்கியிருந்தால் இந்த நிலை வந்திராதே' என்று சிலர் கூறலாம். அண்டைப் பள்ளி ஒன்றில் நன்கொடையாக வந்த விண்டோஸ் சர்வர் 2003 இருந்தது. அதற்கான ஆதரவு 2015 ஜூலையிலேயே முடிந்தது. அப்பள்ளியில் யாருக்கும் அது தெரியாது. 2017 மே மாதத்தில் 'வன்னாகிரை' என்னும் பிணைப்பணத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, நாளிதழைப் பார்த்துத்தான் தங்கள் வழங்கிக்கு ஈராண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வரவில்லை என்பதை அறிந்தார்கள். ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. 2003ஆம் பதிப்புக்கோ, தாக்குதல் தொடங்கிய பின்னரே மைக்ரோசாப்ட் விதிவிலக்காக வெளியிட்டது. அதுவரை அவர்கள் செய்ய முடிந்தது மின்சாரத்தை அணைத்து வைப்பது ஒன்றே.

கட்டற்ற மென்பொருளிலும் இப்படி நேர்வது உண்டு. சென்ட்ஓஎஸ் 8 பதிப்பை 2029 வரை நம்பலாம் என்று எண்ணி நிறுவியவர்களுக்கு, 2020 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியோடு அது முடிவுற்றது. ஆகவே விலை கொடுத்ததால் காவலும் இல்லை. விலை இல்லாததால் குறையும் இல்லை.

இரு தரப்பின் கணக்கையும் நேர்மையாகப் பார்ப்போம். விண்டோஸ் சர்வருக்கு உரிமம் வாங்க வேண்டும். 2016ஆம் பதிப்பு முதல் செயலியின் உட்கருக்களை எண்ணி அவ்வுரிமம் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேலாக, வழங்கியை அணுகும் ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ தனி அணுகுரிமம் வேண்டும். விலைப்பட்டியலின் முதல் வரியை மட்டும் பார்த்து ஏமாறுவோர் பலர். அதன் சிறப்பு என்னவென்றால், விண்டோஸ் கணினிகளை ஆளும் கருவிகள் ஒரே பொதியில் வருகின்றன. அவற்றை அறிந்தவர்களும் எளிதில் கிடைக்கிறார்கள்.

லினக்சுக்கு உரிமச் செலவு இல்லை. 1992இல் தொடங்கிய சாம்பா திட்டம், 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பு முதல் விண்டோஸ் கணினிகளுக்கான ஆட்களத்தையே நடத்த வல்லதாகிவிட்டது. நம் நாட்டிலும் 2004இல் மாம்பூ அமைப்பு அரசுத்துறைகளுக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. ஆகவே லினக்ஸ் என்றால் விளையாட்டுப் பொருள் என்று நினைப்பது அறியாமை. ஆனால் அதைப் பராமரிக்கும் அறிவு கடையில் விற்கப்படுவதில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். பல்லைப் பார்க்க வேண்டாம். அதைக் கட்டி அவிழ்த்து, நாள்தோறும் தண்ணீர் காட்டுபவர் யார் என்று மட்டும் கேட்டாக வேண்டும்.

'இப்போதுதான் டெலிமா தளம் இருக்கிறதே, வழங்கியே எதற்கு?' என்று கேட்போரும் உண்டு. 2020இல் கல்வி அமைச்சு தொடங்கிய அத்தளத்தால் எங்கள் பணி பெரிதும் எளிதானது உண்மை. வழங்கியில் முன்பு வைத்தவற்றுள் பாதியை அங்கே வைத்துவிடலாம். ஆயினும் மழைக்காலத்தில் இணைப்பு அறுந்துபோகும் பள்ளி எங்களுடையது. அந்நாளிலும் வகுப்பு நடக்க வேண்டும். ஆகவே சிறிய வழங்கி ஒன்று தேவைதான். பெரியது தேவையில்லை.

இனி என் கருத்து. எந்த நிறுவனமாயினும், இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை காண வேண்டும்.

முதலாவது, இதன் காவலர்கள் யார்? ஒருவர் போதாது, இருவர் வேண்டும். ஒருவர் மாற்றலானால் அந்த ஆண்டே மூன்றாமவரைப் பழக்க வேண்டும். கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் தலைமையாசிரியரின் இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். எச்சரிக்கை மடல்கள் தனிமனிதருக்கு அன்றி, பள்ளியின் முகவரிக்கே வர வேண்டும்.

இரண்டாவது, இதன் ஆயுள் எதுவரை? ஆதரவு முடியும் நாளைப் பெரிய எழுத்தில் எழுதி வழங்கியின்மீதே ஒட்டி வைக்க வேண்டும். அந்நாளுக்கு ஓராண்டு முன்னரே அடுத்த ஏற்பாட்டுக்கான பணத்தை ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, நம் வேலையை இது செய்கிறதா? விற்பனையாளரின் மாதிரிக் கோப்புகளைக் கொண்டு அன்று, நம் கோப்புகளைக் கொண்டே சோதிக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: லினக்சில் வழக்கமாகப் பயன்படும் கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழிலோ ஒருங்குறிக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். 'தமிழ்' என்னும் சொல்லே 15 பைட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். ஆக 85 குறியீடுகளுக்குமேல் பெயர் நீள முடியாது. பேட்டி கண்ட பெரியவரின் பெயர், தோட்டத்தின் பெயர், தலைப்பு, நாள் எல்லாம் சேர்த்து எங்கள் மாணவர்கள் வைத்த பெயர்கள் சில, விண்டோஸ் கணினியில் சேமிக்கப்பட்டு, வழங்கிக்கு நகலாக மறுத்தன. இத்தகைய நுணுக்கத்தை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது. பெயரைச் சுருக்கினால் தீர்ந்துவிடும் சிக்கல்தான். ஆனால் முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

காப்புப்படி எடுத்தால் மட்டும் போதாது. தவணைக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத காப்புப்படி காப்புப்படியே அன்று. எங்களுக்கு அப்பாடம் மிகுந்த விலைக்குக் கிடைத்தது.

சரி, நீங்கள் எதற்கு ஆதரவு என்று கேட்பீர்கள். என் உள்ளம் கட்டற்ற மென்பொருள் பக்கமே. அறிவு எல்லாருக்கும் பொதுவாக வேண்டும் என்று நம்பும் ஆசிரியருக்கு வேறு பக்கம் இருக்க இயலாது. ஆயினும் சென்ற கூட்டத்தில் நான் விண்டோஸ் சர்வருக்கே கையுயர்த்தினேன். காரணம் எளியது. எங்கள் ஆசிரியர்களுள் அதைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இருவர் இருக்கிறார்கள். பள்ளிக்கு வந்துபோகும் தொழில்நுட்பரும் அதையே அறிந்தவர். லினக்சை அறிந்தவராக இன்று எங்களிடம் இருப்பவர் அந்தப் பெற்றோர் ஒருவரே. அவர் பிள்ளை அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளிக்குப் போகிறாள். நாளை இரண்டு லினக்ஸ் காவலர்கள் எங்களுக்குக் கிடைத்தால் மறுநாளே என் கை மறுபக்கம் உயரும்.

அதற்கான வித்தையும் இட்டுவிட்டோம். தூக்கி எறிய இருந்த பழைய கணினிகளுள் ஐந்தில் லினக்சை நிறுவிக் கணினிக் கழகத்து மாணவர்களிடம் ஒப்படைக்க அக்கூட்டமே இசைந்தது. அதை முன்னின்று நடத்த அந்தப் பெற்றோர் மகிழ்வோடு ஒப்புக்கொண்டார். பத்தாண்டுகள் கழித்து அம்மாணவர்களுள் ஒருவர் இதே பள்ளிக்கு ஆசிரியராக வரக்கூடும்.

இவ்வாண்டும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பெரியவர்களிடம் கதை கேட்கப் போகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் குரல்களை வாங்கி வைக்கும் பெட்டியில் எந்த நிறுவனத்தின் சின்னம் இருக்கிறது என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இம்முறை ஒரு பேத்தி வந்து கேட்டால், எடுத்துப் போட்டுக் காட்ட முடிய வேண்டும்.