முட்டித் தள்ளுவது ஆட்டமா?

இந்த வாரம் நமக்குப் பழக்கமில்லாத ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். நியாயம் எல்லா ஆட்டத்துக்கும் பொது என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் வீட்டில் தங்கியிருந்தபோது மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேஸ்பால் பார்ப்பேன். அவர் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பக்தர். ஒரு நாள், "மாமா, முன்னெல்லாம் ஹோம் பிளேட்டில் மோதல் இருக்கும். அதை எடுத்த பிறகு ஆட்டத்தில் காரம் போச்சு" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைய விவாதம் காபி ஆறும் வரை நடந்தது.

விஷயம் இதுதான். ஓடுகிறவர் மூன்று பேஸ்களையும் தாண்டி ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். அங்கே கேட்சர் நிற்கிறார். பந்து அவர் கைக்கு வந்து, அதைக்கொண்டு ஓடுகிறவரைத் தொட்டுவிட்டால் அவுட். ஆனால் தொடும்போது பந்து கீழே விழுந்துவிட்டால் அவுட் இல்லை. கோளாறு இங்கேதான். பந்தை விழவைக்க வேண்டுமென்றால் கேட்சரை முட்டித் தள்ளினால் போதும். அதுவும் கேட்சரின் கண் தூரத்திலிருந்து வரும் பந்தின் மேல் இருக்கும். பக்கவாட்டில் பாய்ந்து வருகிற ஆளை அவர் பார்க்கவே மாட்டார்.

1970 ஜூலையில் சின்சினாட்டி நகரில் ஆல் ஸ்டார் ஆட்டம். லீக் கணக்கில் சேராத காட்சி ஆட்டம். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் பீட் ரோஸ் ஓடிவந்து கேட்சர் ரே ஃபாஸியை இடித்துத் தள்ளி வெற்றி ரன்னை எடுத்தார். ஃபாஸிக்கு வயது 23. தோள் எலும்பு முறிந்திருந்தது உடனே தெரியவில்லை. அதன் பிறகும் பல வருடம் ஆடினார், ஆனால் பழைய அடி திரும்பவில்லை. அந்த மோதலை வீரம் என்று சொல்லித் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். விதி மாறவில்லை.

2011 மே 25. ஜயன்ட்ஸ் கேட்சர் பஸ்டர் போஸி. முந்தைய ஆண்டின் சிறந்த புதுமுகம், அணியின் செல்லப்பிள்ளை. இதுவும் பன்னிரண்டாவது இன்னிங்ஸ்தான். ஃபுளோரிடா மார்லின்ஸ் அணியின் ஸ்காட் கசின்ஸ் வந்து மோதினார். போஸியின் இடது கால் எலும்பு முறிந்து, கணுக்கால் தசைநார்கள் கிழிந்தன. அந்த வருட ஆட்டம் அவருக்கு அதோடு முடிந்தது. கசின்ஸுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

2014இல் விதி வந்தது. மோதுவதற்காக ஓடுகிறவர் தன் பாதையை விட்டு விலகக்கூடாது. விலகி மோதினால், பந்து விழுந்தாலும் அவுட். அதேபோல் கையில் பந்து இல்லாத கேட்சர் வழியை அடைத்து நிற்கக்கூடாது. இரண்டு பக்கமும் கட்டுப்பட்ட விதி.

மாப்பிள்ளையின் வாதம்: "கேட்சர் முகமூடி, மார்புக் கவசம், முழங்கால் கவசம் எல்லாம் போட்டிருக்கிறார். வழியையும் மறிக்கிறார். ஓடுகிறவர் வேறு என்ன செய்வார்?"

மறிப்பது பற்றி அவர் சொன்னது நியாயம். அதனால்தான் விதி கேட்சரையும் கட்டுகிறது. ஆனால் அந்தக் கவசம் பந்துக்காகப் போட்டது, முழு வேகத்தில் வரும் ஆளுக்காக அல்ல.

நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். 2004 அக்டோபரில் யாங்கீஸ் வீரர் அலெக்ஸ் ரோட்ரிகஸ் முதல் பேஸுக்கு ஓடும்போது, பாஸ்டன் பந்துவீச்சாளரின் கையுறையில் இருந்த பந்தைக் கையால் தட்டிவிட்டார். அம்பயர்கள் கூடிப் பேசி அவுட் கொடுத்தார்கள். கையால் தட்டினால் குற்றம். நாலு எட்டு தள்ளி ஹோம் பிளேட்டில் முழு உடம்பால் இடித்துப் பந்தை உதிர்த்தால் மட்டும் வீரமா? மாப்பிள்ளை சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. நம் கிரிக்கெட்டிலும் பந்தைப் பிடிக்க விடாமல் வேண்டுமென்றே தடுத்தால் அவுட்தானே?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் ஆதலால் எனக்கு இன்னொரு மோதலும் மறக்காது. 1982 உலகக் கோப்பை கால்பந்து அரையிறுதி, செவில் நகரம். மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் ஷூமாக்கர், பாய்ந்து வந்து பிரான்சின் பத்திஸ்தோனை இடித்தார். பத்திஸ்தோன் பல் உடைந்து நினைவிழந்து விழுந்தார். நடுவர் ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. ஷூமாக்கரை நான் பல வருடம் திட்டியிருக்கிறேன். கசின்ஸையும் அந்தக் கணக்கில் சேர்க்கத்தான் முதலில் தோன்றியது. யோசித்தால், இரண்டும் ஒன்றல்ல. செவிலில் விதி இருந்தது, நடுவர் கையாளவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் விதியே மோதலாம் என்றது. கசின்ஸ் மோதாமல் ஒதுங்கியிருந்தால், தன் அணிக்குத் துரோகம் செய்தான் என்று அவருடைய ஆட்களே சொல்லியிருப்பார்கள்.

அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளியவனுக்கு இது புரியும். தப்பான உத்தரவை அப்படியே நிறைவேற்றிய கடைசி ஆள்மேல்தான் ஊர் பாயும். உத்தரவு மட்டும் கோப்பில் பத்திரமாக இருக்கும்.

என் குறை விதி வந்ததில் இல்லை, வந்த காலத்தில்தான். ஃபாஸியின் தோளுக்கும் புது விதிக்கும் இடையே 44 வருடம். செல்லப்பிள்ளையின் கால் உடைந்த பிறகுதான் பேனாவை எடுத்தார்கள். போஸி மறு வருடமே திரும்பி வந்து லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் வாங்கினார். ஃபாஸிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மாப்பிள்ளை இன்னும் காரம் போச்சு என்றுதான் சொல்கிறார். ஓட்டமும் எறிதலும் இருக்கின்றன, கடைசி அங்குலத்தில் சறுக்கி விழுந்து பிளேட்டைத் தொடுவதும் இருக்கிறது. எனக்கு அந்தக் காரம் போதும்.