அந்த எரிமலையைச் செய்தது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படித்து முடிக்கும்போது சிலருக்கு என் மேல் கோபம் வரலாம். பரவாயில்லை, வகுப்பறையிலேயே எவ்வளவோ பார்த்தாயிற்று.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் வரும் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தெர்மாகோலில் குடிசை வீடு. பேட்டரி வைத்துச் சுற்றும் காற்றாலை. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் பொங்கும் எரிமலை. கீழே, "எங்கள் செல்லம் செய்த ப்ராஜெக்ட்". செல்லம் இரண்டாம் வகுப்பு. தெர்மாகோலை நூல் பிடித்த மாதிரி நேராக வெட்டியிருக்கிறது! நாற்பது பேர் கைதட்டும் பொம்மையைப் போடுகிறோம். செய்தது யார் என்று நாற்பது பேருக்கும் தெரியும். செல்லத்துக்கும் தெரியும். எனக்குக் கவலையே அந்தச் செல்லத்துக்குத் தெரிவதுதான்.

பிள்ளையின் ப்ராஜெக்ட்டைப் பெற்றவர்கள் செய்து கொடுப்பதற்கு உதவி என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் அதைத் திருட்டு என்கிறேன். பிள்ளை தானே தடுமாறிக் கற்க வேண்டியதை, பாசத்தின் பெயரால் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ப்ராஜெக்ட் என்பது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1918-இல் அமெரிக்காவில் வில்லியம் கில்பாட்ரிக் என்ற கல்வியாளர் செயல்திட்ட முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் இதைப் பரீட்சைக்குப் படித்தோம். அவர் சொன்னவை நான்கு படிகள். பிள்ளைக்கே ஒரு நோக்கம் இருக்க வேண்டும். அதுவே திட்டமிட வேண்டும். அதுவே செய்ய வேண்டும். செய்தது சரியாக வந்ததா என்று அதுவே பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் இந்த நான்கும் எப்படி நடக்கின்றன? நோக்கம் டீச்சருடையது. திட்டம் யூடியூப்பினுடையது. செய்வது அப்பா. சரியாக வந்ததா என்று சொல்வது சித்தி, மாமா, பெரியப்பா. பிள்ளைக்கு மிஞ்சுவது அதை உடையாமல் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலை. அதற்கும் சில வீடுகளில் ஆட்டோ.

உங்களில் பலர் நுங்கு வண்டி ஓட்டியவர்கள். நுங்கைச் சாப்பிட்டு மிஞ்சிய கூடு இரண்டு. நடுவில் ஒரு குச்சி. தள்ளுவதற்குக் கவட்டைக் குச்சி ஒன்று. எந்த அப்பாவும் செய்து கொடுக்கவில்லை, யாரும் மார்க் போடவில்லை. குச்சியை நடுவில் குத்தாவிட்டால் வண்டி நொண்டியடிக்கும். இறுக்கமாகக் குத்தினால் சுற்றாது. தளர்வாக இருந்தால் கழன்றுவிடும். அச்சு, சக்கரம், உராய்வு என்ற மூன்று பாடத்தையும் கை தானே கற்றுக்கொண்டது. அந்தக் காலம்தான் பொற்காலம் என்று புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லாமை இருந்தது, அடி இருந்தது, பாதியில் நின்றுபோன படிப்பு இருந்தது. செய்பவன் கையில்தான் பொருள் பேசும் என்பதற்காகச் சொல்கிறேன்.

1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவருடைய கருவிகளில் ஒன்று ஒரு மரக்கட்டை. அதில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஓர் உருளையை அதற்கு உரியதைவிடப் பெரிய குழியில் போட்டுவிட்டால், கடைசியில் ஓர் உருளை எங்குமே நுழையாமல் கையில் நிற்கும். "தப்பு" என்று டீச்சர் சொல்லத் தேவையில்லை. கட்டையே சொல்லிவிடும். பிள்ளை திகைக்கும், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கும். அந்தத் திகைப்பில்தான் புத்தி வேலை செய்கிறது. நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை திகைத்து இரண்டு நிமிஷம் ஆவதற்குள், "இங்கே கொடு, நான் பண்றேன்" என்று பிடுங்குகிறோம். அதைப் பார்க்கிற பொறுமை நமக்கு இல்லை. அவசரம் நம்முடையது, நஷ்டம் பிள்ளையுடையது.

"அப்படியென்றால் உதவியே செய்யக் கூடாதா டீச்சர்?" என்று கேட்பீர்கள். செய்யுங்கள். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. 1976-இல் உட், புரூனர், ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளைக் கோத்துப் பிரமிடு கட்டுவதைப் பார்த்து எழுதினார்கள். பெரியவர் தரும் நல்ல உதவிக்கு அவர்கள் வைத்த பெயர், கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம். நம் ஊர் மேஸ்திரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாரம் உயரமான இடத்துக்குக் கை எட்டுவதற்காக. சுவர் எழுந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். சாரத்தையே வீடு என்று சொல்லிக் கிரகப்பிரவேசம் நடத்துவது யாராவது உண்டா? நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"ராத்திரி ஒன்பதரை மணிக்கு வந்து நாளைக்கு ப்ராஜெக்ட்னு சொல்றான் டீச்சர்." அரைமணி நேரத்தில் அவனால் முடிந்ததைச் செய்துகொண்டு போகட்டும். ஒரு நாள் அரைகுறையாகக் கொண்டுபோய்ப் பேச்சு வாங்கினால், அடுத்த முறை மூன்று நாள் முன்னால் சொல்வான். நீங்கள் பதினொன்றரை வரை உட்கார்ந்து முடித்துக் கொடுத்தால் அவன் கற்பது, கடைசி நிமிஷத்தில் சொன்னாலும் நடந்துவிடும் என்பதைத்தான்.

"மார்க் போய்விடுமே." நம் மாநிலத்தில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60 என்று பிரித்தார்கள். மனப்பாடத்தின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, பிள்ளை செய்து பார்க்கவும் மதிப்பெண் இருக்கட்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் பிள்ளைக்காக ஒதுக்கிய இடத்தில் நாம் போய் உட்கார்ந்துகொண்டோம். இரண்டாம் வகுப்பு மார்க்கை இருபது வயதில் எவரும் கேட்கப்போவதில்லை. ஒரு வேலையைத் தானே தொடங்கத் தெரிகிறதா என்று எல்லோரும் கேட்பார்கள்.

"மத்த பிள்ளைங்க பளபளன்னு கொண்டு வராங்க. என் பிள்ளை மட்டும் கூனிக் குறுகி நிக்கணுமா?" இதற்குத்தான் சுலபமான பதில் இல்லை. அந்த வருத்தம் உண்மையானது. நீங்கள் மட்டும் நிறுத்தினால் முதலில் வாடுவது உங்கள் பிள்ளையின் முகம்தான். ஆனால் வேறொரு முகத்தையும் நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வண்ணத் தாள் வாங்கக் காசில்லை. அந்தப் பிள்ளை கொட்டாங்குச்சியிலும் களிமண்ணிலும் தானே செய்ததைக் கொண்டுவந்து, உங்கள் தெர்மாகோல் மாளிகைக்குப் பக்கத்தில் வைக்கிறது. போட்டி பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடக்கவில்லை. ஒரு பிள்ளைக்கும் ஒரு இன்ஜினியர் அப்பாவுக்கும் நடக்கிறது. வகுப்பில் உண்மையாக வேலை செய்த ஒரே ஆள் தலைகுனிந்து நிற்கிறது.

இங்கே என் இனத்தாரையும் விட மாட்டேன். என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களே, கேளுங்கள். பளபளப்புக்கு "வெரி குட்" போடுவதை நிறுத்துங்கள். ப்ராஜெக்ட்டை வகுப்பிலேயே செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே கஷ்டமாக இருந்தது? எதைக் கலைத்துவிட்டு மறுபடி செய்தாய்? இன்னொரு முறை செய்தால் எதை மாற்றுவாய்? தானே செய்த பிள்ளை நிறுத்தாமல் பேசும். மற்றது அம்மா முகத்தைத் தேடும். மதிப்பெண்ணை அந்தப் பேச்சுக்குப் போடுங்கள்.

இப்போது அப்பாகூட வேண்டாம். போனிடம் கேட்டால் கட்டுரை வந்துவிடுகிறது, படமும் வந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைத் தன் பெயரில் கொடுத்துவிட்டான் என்று ஒரு தாய் என்னிடம் வருத்தப்பட்டார். அம்மா, அவன் இதைப் போனிடமிருந்தா கற்றான்? வேறொருவர் நன்றாகச் செய்ததன் மேல் தன் பெயரை எழுதினால் வீடே கைதட்டும் என்று இரண்டாம் வகுப்பிலேயே நாம் கற்றுக்கொடுத்துவிட்டோமே. ஆளை மட்டும்தான் அவன் மாற்றியிருக்கிறான்.

இதில் பெரியவர்கள் பாடும் ஒன்று இருக்கிறது. மனசு தெளிவாக இல்லை, எதிலும் கவனம் நிற்கவில்லை என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. சுய முன்னேற்றப் புத்தகம் வாங்குகிறீர்கள், காலையில் பொன்மொழி அனுப்புகிறீர்கள். எனக்கும் தினம் பதினைந்து வருகிறது. அதில் ஒன்றுகூட அனுப்பியவர் எழுதியது இல்லை! பிள்ளை கற்க வேண்டிய அதே பாடம் நமக்கும் பாக்கி இருக்கிறது. ஒரு துணியைத் தையுங்கள், ஒரு தொட்டியில் கீரை போடுங்கள், நான்கு வரி சொந்தமாக எழுதுங்கள். சுமாராக வரட்டும். குழம்பி, பிரித்து, மறுபடி செய்து முடிக்கும்போது மனதில் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதைத்தான் நான் தெளிவு என்கிறேன். பிள்ளை பார்க்கும்படி செய்யுங்கள். அம்மா தையலைப் பிரித்து மறுபடி போடுவதைப் பார்த்த பிள்ளைக்குத் தன் கோணல் கோட்டைப் பார்த்து அழுகை வராது.

அடுத்த ப்ராஜெக்ட் வரும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாமான் வாங்கிக் கொடுங்கள். கத்தி, நெருப்பு, மின்சாரம் என்றால் மட்டும் கை கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். கேட்டால், பதில் சொல்வதற்கு முன் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒரு முறை கேளுங்கள். வந்தது எப்படி இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள். ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு ஓரத்தைச் சரி செய்யாதீர்கள். காலையில் அது கண்டுபிடித்துவிடும்.

கோபம் வந்தவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன் உங்கள் பிள்ளையை அருகில் கூப்பிட்டு, "போன ப்ராஜெக்ட்டில் நீ செய்தது எது?" என்று கேளுங்கள். அது சொல்லும் பதிலையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்